சோடா வாயு செய்யும் அதிசயம்!

கிராம்பின் ரகசியத்தைப் பிரித்துக் காட்டுகிறது

சோடா பாட்டிலைத் திறந்தால் "புஸ்" என்று நுரை பொங்குகிறது. அந்த நுரைக்குக் காரணம் கரியமில வாயு. நாம் வெளியே விடும் மூச்சிலும் அது இருக்கிறது.

இந்தச் சாதாரண வாயுவைக் கொண்டு, ஒரு பொருளில் கலந்திருக்கும் பல சத்துக்களைத் தனித்தனியாகப் பிரித்து விடுகிறார்கள் விஞ்ஞானிகள்! குமரி மாவட்டத்து மலையில் விளையும் கிராம்பை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

மலைக் கிராம்பு

மாறாமலை, கரும்பாறை முதலிய இடங்களில் கிராம்புத் தோட்டங்கள் இருக்கின்றன. மொட்டு மலருமுன் அதைப் பறித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். அதுதான் கிராம்பு. 2021-ம் ஆண்டில் "கன்னியாகுமரி கிராம்பு" புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

கிராம்பின் மணத்துக்குக் காரணம் அதில் உள்ள எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும் பகுதி "யூஜினால்" என்ற பொருள். பல்வலிக்குக் கிராம்பை வைத்தால் வலி மரத்துப் போவது இதனால்தான்.

எண்ணெயை எடுத்துவிட்டு, சக்கையை நல்ல கிராம்போடு கலந்து விற்கும் மோசடியும் உண்டு. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கிராம்பைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல கிராம்பு மூழ்கும். சக்கை மிதக்கும்.

ஆனால் கிராம்பில் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? துவர்ப்புச் சத்தும், காலிக் அமிலமும், வேறு பலவும் இருக்கின்றன. அவற்றை அறியத் தண்ணீர்க் கிண்ணம் போதாது.

மைப் புள்ளி

மை ஒற்றும் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிக்குக் கீழே உள்ள தாளின் நுனி மட்டும் தண்ணீரைத் தொடட்டும். தண்ணீர் மேலே ஏற ஏற, கறுப்பு மை நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரியும். தாளோடு ஒட்டிக்கொள்ளும் நிறம் பின்தங்கும். தண்ணீரோடு போகும் நிறம் முந்தும்.

இந்த முறைக்கு 1906-ல் "குரோமட்டோகிராபி" என்று பெயர் வைத்தவர் ரஷிய தாவர இயல் அறிஞர் ட்ஸ்வெட். அவர் இலைச் சாற்றின் நிறங்களைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த குழாயில் பிரித்துக் காட்டினார்.

31 டிகிரி

கரியமில வாயுவை 31 டிகிரி வெப்பத்துக்கு மேல் வைத்து, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவும் அல்லாமல் திரவமும் அல்லாமல் ஒரு புது நிலையை அடைகிறது. 31 டிகிரி நாகர்கோவிலில் சாதாரணப் பகல் வெயில்தான். ஆனால் அந்த அழுத்தம் லேசானதல்ல. கடலில் 700 மீட்டருக்கும் கீழே போனால்தான் அவ்வளவு அழுத்தம் உண்டு!

இந்த நிலையில் அது திரவம் போல் பொருள்களைக் கரைக்கும்; வாயு போல் விரைந்து ஓடும். இத்தகைய நிலையில் உள்ள வாயுக்களைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கலாம் என்று 1962-ல் அமெரிக்காவில் கிளெஸ்பர் முதலிய மூவர் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியவை வேறு வாயுக்கள். கரியமில வாயு பின்னால் வந்தது.

ஒட்டாத பொருள்கள்

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரையும், சர்க்கரை கரையாது. கரியமில வாயுவின் குணமும் எண்ணெயின் குணம் போன்றதே. யூஜினால் அதில் உடனே கரைந்துவிடும். காலிக் அமிலமும் துவர்ப்புச் சத்தும் அசையாமல் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இவற்றின் அணுத்திரள்களில் ஒரு பக்கம் நேர் மின்சாரமும் மறு பக்கம் எதிர் மின்சாரமும் ஓங்கி நிற்கும். அதனால் இவை தண்ணீரோடுதான் உறவாடும். சர்க்கரை, அமினோ அமிலங்கள், 'பி' வைட்டமின்கள், பல மருந்துகள் எல்லாம் இந்த வகைதான். "இவற்றைக் கரியமில வாயுவால் பிரிக்க முடியாது" என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

அதற்கும் வழி பிறந்தது. வாயுவோடு கொஞ்சம் மெத்தனால் சேர்த்தார்கள். மெத்தனால் விஷம், குடித்தால் கண் போகும், உயிரும் போகும். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் அது நல்ல வேலைக்காரன். ஒட்டிய பொருளை அது இளக்கி விடுகிறது. அதிலும் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை தண்ணீர் கலந்தால், பிடிவாதக்காரப் பொருள்களும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. போகப் போக மெத்தனாலின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

என்ன லாபம்?

வழக்கமான முறையில் அசிட்டோநைட்ரில் போன்ற நச்சுத் திரவங்கள் ஏராளமாகச் செலவாகின்றன. 2008-ம் ஆண்டின் இறுதியில் அதற்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்து, ஆராய்ச்சிக்கூடங்கள் திண்டாடின. கரியமில வாயு முறையில் கழிவு குறைவு. அழுத்தத்தை விட்டதும் வாயு பறந்துவிடும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கருவியின் விலை அதிகம்.

மருந்தில் வேண்டாத பொருள் கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் இது உதவுகிறது. மலைத் தோட்டக்காரருக்கோ இது விலைப் பிரச்சினை. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். அந்தப் பெயருக்குரிய சத்து உள்ளே இருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்!