ஆறில்லாத ஊருக்கு வந்த இரண்டு ஆறுகள்

இங்கிலாந்து தேசத்தின் ஆற்றங்கரைச் சிற்றூர் என்றால் மாதா கோவிலும், பசும்புல் மைதானமும், மாலைப் பொழுதைக் கழிக்க ஒரு கிளப்பும், இவற்றையெல்லாம் அணைத்தாற்போல் ஓடும் ஓர் ஆறும் இருக்கும் என்று அங்கே போகாதவர்களும் சொல்லிவிடுவார்கள். 1880-ல் கோலார் தங்கவயலுக்கு வந்த ஜான் டெய்லர் கம்பெனியார், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், நந்திதுர்க், ஊரிகம், சாம்பியன் ரீஃப் முதலிய சுரங்கங்களைச் சூழ்ந்த பொட்டல் பூமியில், தம் தாயகத்தின் சாயலாகவே கோல்ப் மைதானத்தையும் கிளப்பையும் ஆலயங்களையும் ஆஸ்பத்திரியையும் நிர்மாணித்துக்கொண்டார்கள். 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. ஆறுதான் இல்லை.

விந்தை என்னவென்றால், நந்திதுர்க் என்பது பாலாறு பிறக்கும் மலையின் பெயர். அப்பெயரைத் தாங்கிய சுரங்கத்துக்கோ குடிநீருக்கே வழியில்லை. ஆகவே, சில மைல் தொலைவிலுள்ள பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கிய ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொணரப்பட்டது. 1902-ல் காவிரியும் வந்தது, நீராக அல்ல, மின்சாரமாக! சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சக்தி சுமார் 92 மைல் கம்பிவழி கடந்து தங்கவயலின் யந்திரங்களைச் சுழற்றிற்று. உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அக்காலத்தில் அது விளங்கியது.

இந்த சௌகரியங்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டினவா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். துரைமாரின் பங்களாக்களில் குளிர்காயக் கணப்படுப்புகூட இருந்தது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்து பூமிக்கடியில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கோ, 'லைன்' என்று அவர்கள் வழங்கிய வரிசைகளில், மூங்கில் தட்டியால் அடைத்த ஒற்றை அறையும் தெருவுக்குப் பொதுவான குழாயுமே பாத்தியதையாயின. கம்பெனியின் வரைபடத்தில் காணப்படாத வேறொரு வசதியை அவர்கள் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள்: பௌத்தத்தைப் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' பத்திரிகையைப் படித்தவர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள். அந்த ஊரின் மேலான சின்னம் எது என்று என்னைக் கேட்டால், கிளப்பைக் காட்டமாட்டேன், அந்தச் சங்கத்தைத்தான் காட்டுவேன்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளர் மக்கள் இப்போது விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பொன்னைக் கரைத்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் குன்றுகளாக நிற்க, இறைப்பு யந்திரங்கள் நின்றுபோன சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது.