விடியுமுன் வெளியேறிய பெண்

மணமான ஒருவர் ஒரு பெண்ணிடம், "என் இல்வாழ்க்கை பெயரளவுக்குத்தான், என் மனத்தை அறிந்தவள் நீ ஒருத்தியே" என்று சொல்லும்போது, அது பொய்யென்று தெரிந்தால் விலகிப் போவது எளிது, ஆனால் அது மெய்யாகவே இருந்து, கேட்பவளுடைய நெஞ்சமும் அவர்பால் சாய்ந்திருந்தால் அவள் என்ன செய்வது என்ற தர்மசங்கடமான கேள்வியை, 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' என்னும் ஆங்கில நாவலைப் போல நேர்நின்று விசாரித்த நூல்கள் மிகச் சிலவே.

ஜேன் ஓர் அநாதை. ஆண்டுக்கு முப்பது பவுன் சம்பளத்துக்குத் தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்ல வந்தவள். அவளைத் தமக்குச் சமமாகப் பாவித்துப் பேசிய முதல் மனிதரான எஜமானர் ராச்செஸ்டர், அவளைக் காதலித்து மணக்கவும் துணிகிறார். தேவாலயத்தில் சடங்கு நடக்கும்போதே, அவருக்கு மனைவி ஒருத்தி உயிரோடிருப்பதும், சித்தப்பிரமை கொண்ட அவள் அதே மாளிகையின் மேல்தளத்தில் அடைபட்டிருப்பதும் வெளியாகின்றன.

அவருடைய கஷ்டமும் மெய்யானதுதான். சித்தப்பிரமையைக் காரணம் காட்டி விவாகரத்துப் பெற இங்கிலாந்தின் சட்டம் 1937 வரை இடம் தரவில்லை. ஆகையால், பிரான்சின் தென்கரையில் ஒரு வீட்டில் கணவன் மனைவி போல வாழலாம் என்று அவர் மன்றாடுகிறார். உனக்குத்தான் உற்றார் இல்லையே, இதனால் யாருக்கு என்ன தீங்கு என்றும் வாதிக்கிறார்.

இந்த இடத்தில் ஜேனின் புத்தி வேலை செய்கிற விதம் என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது. தம்மோடு முன்பு வாழ்ந்த ஸ்திரீகளைப் பற்றி அவர் அருவருப்போடு பேசியதை அவள் கவனித்திருக்கிறாள். அவர்கள் இருந்த ஸ்தானத்தில் தான் போய் அமர்ந்தால், இன்று உருகும் இதே வாய் ஒரு நாள் தன்னையும் அவ்வாறே பேசும் என்பதை, கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும் அந்த நேரத்திலும் அவளால் காண முடிகிறது. அதனினும் பெரியது ஒன்று உண்டு. தன் மனைவியை அவர் வெறுப்போடு இகழ்ந்தபோது, பிரமை கொண்டது அவள் குற்றமா, இவ்விதம் பேசுவது கொடுமை அல்லவா என்று கண்டித்தவள் ஜேன்தான். தன் இன்பத்துக்குத் தடையாக நிற்கும் பெண்ணுக்காகப் பரிந்து பேச முடிகிறவளுக்கே, தன் மதிப்பையும் காத்துக்கொள்ளும் வலிமை வருகிறது என்பது என் திடமான எண்ணம். கேட்க ஆள் இல்லாதவள் என்று அவர் சொன்னதையே அவள் திருப்பிக்கொள்கிறாள்: வேறு யாரும் இல்லாததால், தன்னைக் காக்கும் கடமை தனக்கே அதிகம் என்று.

விடியுமுன் அவள் வெளியேறும்போது கையில் இருந்தது இருபது ஷில்லிங். அதுவும் வண்டிக் கூலிக்குப் போய்விட, துணி மூட்டையையும் வண்டியிலேயே மறந்துவிட்டு, பன்றிக்குக் கொட்டவிருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கும் நிலைக்கு வருகிறாள். அன்பில்லாதவள் இப்படிப் போகவேண்டியதில்லை. அன்பு குறையாமலே அவள் போனாள்.

இதை எழுதிய சார்லட் பிரான்டி அந்த வேதனையை மறுகரையில் நின்று அனுபவித்தவர். 1842-இல் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் படிக்கச் சென்ற அவர், அங்கே மணமான ஆசிரியர் ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுத்து, ஊர் திரும்பிய பின்னும் பதிலுக்கு ஏங்கிக் கடிதங்கள் எழுதினார். அவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் நான்கில் மூன்று கிழிக்கப்பட்டு மீண்டும் இணைக்கப்பட்டவை. 1913-இல் அவை அச்சில் வந்தன. ஏங்கி எழுதிய அதே கைதான், சில ஆண்டுகளுக்குள் ஜேனை எழுப்பி வாசலுக்கு அனுப்பியது.

இன்று அத்தகைய ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு உறக்கமின்றி இருக்கும் சகோதரி யாரேனும் இதை வாசித்தால், பதில் சொல்லுமுன் அந்த நாவலின் இருபத்தேழாம் அத்தியாயத்தைத் தனியே அமர்ந்து ஒரு முறை படித்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.