நேரே போனால் தாமதம்

போடி மலையில் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை உச்சியைப் பார்த்து நேராகப் போவதில்லை; வளைந்து வளைந்துதான் ஏறுகிறது. ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சுமையோடு ஏறிப் பழகியவர்கள், நடை தளராத சரிவாகப் பார்த்துத்தான் காலை வைப்பார்கள். போடி மலைக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனால் காற்றை எதிர்த்துப் போகும் பாய்மரப் படகுக்கும் இதே கணக்குதான்.

எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேரெதிராக ஓடாது. ஒருபுறம் சாய்ந்து கொஞ்ச தூரம், பாயை மாற்றிக்கொண்டு மறுபுறம் கொஞ்ச தூரம் என்றுதான் முன்னேற முடியும். எவ்வளவு சாய்வது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். காற்றின் திசைக்கு 38 டிகிரி வரை நெருங்கிப் போனால் 5.4 நாட் வேகம், 42 டிகிரியில் 6 நாட், 48 டிகிரியில் 6.5 நாட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இதில் காற்றை எதிர்த்து முன்னேறியது எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் முறையே 4.26, 4.46, 4.35 நாட் வரும். ஆக, அந்தக் காற்றில் அந்தப் படகுக்கு 6 நாட்தான் இலக்கு வேகம். மிக நெருங்கிப் போன படகு அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 185 மீட்டர் பின்தங்கிவிடும். பந்தய எல்லையைக் குறிக்கும் மிதவையை நோக்கிப் படகின் முனை கூடுதலாகத் திரும்பியிருப்பதால், ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த பிராட் திட்டம், ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் படகின் வேகத்தைக் கணினியில் கணிக்க வழி செய்தது. இலக்கு வேக அட்டவணைகள் பரவியது அதற்குப் பிறகுதான்.

முன்னேற்றத்தை நேரடியாகக் காட்டும் கருவி இருக்கும்போது, வேகத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. முனையைக் காற்றை நோக்கித் திருப்பியவுடன் படகு உடனே மெதுவாகிவிடாது. பழைய உந்தத்திலேயே சற்று ஓடும். அந்தச் சில நொடிகள் கருவியில் எண் எகிறும். அதை நம்பி இன்னும் திருப்பினால் வேகம் சரிந்து, படகு திணறிவிடும். இலக்கு வேகத்தைப் பிடித்துக்கொண்டால் இந்த மயக்கம் வராது. வேகம் குறைந்தால் முனையைக் காற்றிலிருந்து சற்று விலக்கு. கூடினால் சற்று நெருங்கு. விதி இவ்வளவுதான்.

இதைக் கருவியே இல்லாமல் செய்பவர்கள் நம்மவர்கள். சென்னையின் நேத்ரா குமணன், வேலூர்க்காரரான ராணுவ வீரர் விஷ்ணு சரவணன், சென்னையின் கே.சி. கணபதி–வருண் தக்கர் இணை ஆகியோர் 2021 ஏப்ரலில் ஓமனின் முசானாவில் நடந்த போட்டியில் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். நேத்ராதான் ஒலிம்பிக் பாய்மரப் பந்தயத்துக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவில் 35ஆம் இடம் பெற்றவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21க்கு முன்னேறினார். விஷ்ணு 20இலிருந்து 18க்கு வந்தார். இடையே 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வென்றார். இவர்கள் இருவரும் ஓட்டுவது ஒருவர் மட்டுமே செல்லும் இல்கா வகைப் படகு, நீளம் 4.23 மீட்டர். அதில் பந்தயத்தின்போது வேகங்காட்டிக்கு அனுமதி கிடையாது. இலக்கு வேகத்தைச் சுக்கான் பிடியின் அழுத்தத்திலும், படகின் சாய்விலும், பக்கத்துப் படகின் நகர்விலும்தான் உணர வேண்டும். பயிற்சியில் இரண்டு படகுகளை அருகருகே ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது. நூறாண்டு கடந்த பாய்மர மரபு சென்னைக்கு உண்டு. ஆனால் வங்கக் கடலின் குறுஅலை, ஏரியில் போட்ட கணக்குக்கு அடங்காது. ஒவ்வோர் அலையும் முனையில் மோதி வேகத்தைப் பறிக்கும். அங்கே பாய்க்குச் சற்றுக் கூடுதல் குழிவு கொடுத்து, கோணத்தை விரித்து, வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பிற்பகல் கடல்காற்றில் நம் பிள்ளைகள் தங்கள் எண்களைத் தாங்களே ஒரு நோட்டில் எழுதிச் சேர்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். காற்று எவ்வளவு, அலை எப்படி, படகு எந்த வேகத்தில் போனது, பாயை மாற்றிய பிறகு அந்த வேகத்துக்குத் திரும்ப எத்தனை நொடி ஆனது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்ணைக் குறைப்பதே முதல் பருவப் பயிற்சிக்குப் போதும்.