காதால் கேட்டு, கையால் தொட்டு: நைட்ரோ பக்கியைப் பழக்கும் கலை

புழுதித் தடத்தில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். வழியெங்கும் மேடு பள்ளங்கள், அடுத்தடுத்து வரும் திட்டுகள், பறந்து கடக்க வேண்டிய பெரிய ஏற்றங்கள். காரின் நீளம் அரை மீட்டர்தான். எடை 3.2 கிலோவுக்குக் குறையக் கூடாது. எஞ்சின் 3.5 சிசி. எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு 125 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. ரேடியோ கட்டுப்பாட்டு கார் பந்தயங்களில் ‘எட்டில் ஒரு பங்கு அளவு நைட்ரோ பக்கி’ என்னும் பிரிவின் உலகப் போட்டி இறுதிச் சுற்று இதுதான். இஃப்மார் என்ற உலகக் கூட்டமைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் இந்தப் போட்டி 2006இல் ஜகார்த்தாவிலும், 2010இல் பட்டாயாவிலும், 2018இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் நடந்தது.

இன்று சாலையில் ஓடும் கார்களில் எஞ்சினின் வெப்பம், காற்றின் அளவு, புகைக்குழாயில் எஞ்சும் ஆக்சிஜன் ஆகிய எல்லாவற்றையும் அளக்க சென்சார்கள் உண்டு. அவை தரும் கணக்கை வைத்து ஒரு கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. நைட்ரோ பக்கியின் எஞ்சினில் இவை எதுவும் இல்லை. அந்த வேலை முழுவதையும் மனிதரே செய்ய வேண்டும். காது, கண், விரல் நுனி ஆகிய மூன்றும்தான் அங்கே சென்சார்கள். ஆகவே இந்த வண்டியைப் பராமரிக்கக் கற்பது, ஓர் எஞ்சின் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளக் கற்பதுதான்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டனின் விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதன் இடத்தில் க்ளோ பிளக் இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. கிளப்பும்போது மட்டும் சிறு பேட்டரி ஒன்றை மேலே வைத்து அந்தச் சுருளைத் தணலாக்குவார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மீது படும்போது ஒரு வேதிவினை நடந்து வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பமும் சிலிண்டருக்குள் எரிதலால் வரும் வெப்பமும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்திருக்கும்.

எரிபொருளில் மூன்று பொருட்கள் கலந்திருக்கும்: மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். இவற்றில் வண்டிக்குப் பெயர் கொடுத்தது நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோதான். அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் வெளிக்காற்று குறைவாகத் தேவைப்படுகிறது. எனவே ஒரு முறை உள்ளிழுக்கும் அதே அளவு காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்க முடிகிறது. சின்னஞ்சிறு எஞ்சின் இத்தனை ஆற்றல் தருவதற்கும், தொட்டி ஏறக்குறைய பத்து நிமிடத்தில் காலியாவதற்கும் காரணம் ஒன்றே. பந்தயக்காரர்கள் நெடுங்காலமாக 25, 30 சதவீத நைட்ரோ கலந்த எரிபொருளைப் பயன்படுத்தி வந்தார்கள். நைட்ரோமீத்தேன் வெடிபொருள் தயாரிக்கவும் உதவும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் பொதுமக்களுக்கான வரம்பை 16 சதவீதமாகக் குறைத்துவிட்டது.

மூன்றாவது பொருளான எண்ணெயை மறந்துவிடக் கூடாது. இந்த எஞ்சினுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் ஒரே உயவு. உள்ளே வரும் எரிபொருள் குறைந்தால் உயவும் சேர்ந்தே குறையும். குளிர்ச்சியும் குறையும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு உண்மைதான்.

புதிய எஞ்சினைப் பழக்குதல்

புதிய பந்தய எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகி நிற்கும். பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. பிஸ்டன் ஓடும் பித்தளை ஸ்லீவின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு இருக்கும். அந்த ஸ்லீவ் மேலே போகப் போகச் சற்றே குறுகும்படி செய்யப்பட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மேற்பகுதிதான் அதிகம் சூடாகி அதிகம் விரியும். அப்போதுதான் ஸ்லீவ் நேராகி, அலுமினியப் பிஸ்டனுக்குச் சரியான இடைவெளி கிடைக்கும். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. இந்தப் பொருத்தமே எஞ்சினின் உயிர்.

அதனால் குளிர்ந்த எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுழற்றிக் கிளப்பினால் கனெக்டிங் ராடு பாதிக்கப்படும். ஹீட்டரோ வெப்பக் காற்றுத் துப்பாக்கியோ கொண்டு எஞ்சினின் தலையை முதலில் சூடாக்கிவிட்டுக் கிளப்புவது நல்லது. முதல் சில தொட்டிகளுக்கு எரிபொருளைத் தூக்கலாக வைத்து, அதே சமயம் வெப்பம் மிகவும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, சிறிது நேரம் ஓட்டி ஆறவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். ஆறவிடும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைப்பது கட்டாயம். மேலே விட்டுவிட்டால், ஸ்லீவ் குளிர்ந்து சுருங்கிப் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும்.

ஊசியைத் திருப்புதல்

கார்புரேட்டரில் மூன்று திருகுகள் முக்கியம். உயர்வேக ஊசி, தாழ்வேக ஊசி, ஐடில் திருகு. எரிபொருள் அதிகமாக வந்தால் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள். குறைவாக வந்தால் ‘லீன்’. எஞ்சின் முழுச் சூட்டை அடைந்த பிறகுதான் எந்தத் திருகையும் தொட வேண்டும். முதலில் உயர்வேக ஊசி, பிறகு தாழ்வேக ஊசி, கடைசியாக ஐடில் என்பதே வரிசை. ஒரு தடவைக்குக் கடிகாரத்தின் ஒரு மணி தூரம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று, அதற்கு மேல் திருப்பக் கூடாது.

நேரான பாதையில் முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். குரல் மழுங்கி, தயங்கித் தயங்கி, புகை அடர்த்தியாக வந்தால் ரிச். குரல் கூர்மையாகி, புகை மறைந்து, திராட்டிலை விட்ட பிறகும் சுற்று உடனே இறங்காமல் மேலேயே நின்றால் லீன். இரண்டுக்கும் நடுவே, தெளிவான குரலோடு மெல்லிய நீலப்புகைக் கோடு ஒன்று விடாமல் வர வேண்டும். புகை தெரிகிறது என்றால் எண்ணெயும் உள்ளே போகிறது என்று பொருள்.

தாழ்வேக ஊசிக்கு வேறொரு சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டருக்கு அருகே எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று வினாடி ஓடி, சுற்று சற்றே ஏறி அணைந்தால் சரி. நசுக்கியதுமே அணைந்தால் லீன். சுற்று வெகுவாக ஏறி நெடுநேரம் ஓடினால் ரிச்.

தலையின் வெப்பத்தைத் துப்பாக்கி வடிவ வெப்பமானியால் அளக்கலாம். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பொதுவாக ஏற்கத்தக்கது. ஆனால் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஊசியைத் திருப்புவது தவறு. அதே வெப்பம் ஒரு வானிலையில் சரியாகவும் மற்றொன்றில் ஆபத்தாகவும் இருக்கும். காலையின் குளிர்ந்த, அடர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம், ஆகவே எரிபொருளும் சற்று அதிகம் வேண்டும். மதிய வெயிலிலும் ஈரப்பதத்திலும் காற்று நீர்த்துப்போகும். காலையில் வைத்த அமைப்பு அப்போது ரிச்சாகத் தெரியும். பந்தய நாளில் ஊசி பல தடவை நகர்வதற்கு இதுதான் காரணம். குரல், புகை, வெப்பம் மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும்போதுதான் அமைப்பு சரி. சந்தேகம் வந்தால் ரிச் பக்கமே நில்லுங்கள். ரிச்சான எஞ்சின் வேகத்தைத்தான் இழக்கும். லீனான எஞ்சின் தன்னையே இழந்துவிடும்.

தூசி என்ற எதிரி

புழுதித் தடத்தில் நிமிடத்துக்கு முப்பதாயிரம் முறை காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு, காற்று வடிகட்டிதான் காவல். பெரும்பாலும் இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு. தூசியைப் பிடிக்கும் பிசுபிசுப்பான எண்ணெயை அதில் ஒரே சீராக ஊறவைக்க வேண்டும். ஓரிடத்தில் எண்ணெய் படாமல் விட்டால் அங்கே தூசி நுழையும். நுழைந்த மண் துகள் குரோமியப் பூச்சைத் தேய்க்கும். பிஸ்டனின் இறுக்கம் போகும். அதன் பிறகு, சூடான எஞ்சின் எரிபொருள் நிரப்பும் இடமான பிட்டில் அணைந்தால் மறுபடி கிளம்பாது. வடிகட்டியை ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றுபவர்கள் செலவாளிகள் அல்லர். எஞ்சினின் விலை தெரிந்தவர்கள்.

தடத்தோடு பேசும் பாகங்கள்

எஞ்சினின் ஆற்றல் முதலில் கிளட்சுக்குப் போகிறது. சுற்று ஏற ஏற, கிளட்ச் ஷூக்கள் ஸ்பிரிங்கின் பிடியை மீறி வெளியே விரிந்து கிளட்ச் பெல்லைப் பிடித்துச் சுழற்றும். பெல்லுக்குள் இருக்கும் சிறு பேரிங்குகள் கடும் வெப்பத்தில் ஓடுவதால் முதலில் சாவது பெரும்பாலும் அவைதான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பெல்லை விரலால் சுழற்றிப் பார்த்து, கரகரப்போ ஆட்டமோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

அங்கிருந்து ஆற்றல், அதைப் பகிர்ந்தளிக்கும் நடு டிஃபரன்ஷியலுக்கு வந்து, முன், பின் டிஃபரன்ஷியல்களுக்குப் பிரிகிறது. மூன்றுக்குள்ளும் சிலிக்கான் எண்ணெய். தண்ணீரின் பிசுக்குமை ஏறக்குறைய 1 என்றால், முன்னும் நடுவிலும் 5000 முதல் 7000 வரை, பின்னால் 2000, 3000 என்பது வழக்கமான தொடக்கம். முன்புற எண்ணெய் தேனைப் போல மெதுவாகத்தான் இறங்கும். நடுவில் எண்ணெய் மெலிதாக இருந்தால், வேகம் கொடுக்கும்போது பிடிப்பிழந்த முன்சக்கரங்களுக்கு ஆற்றல் தப்பிப் போகும். வழுக்கும் தடத்தில் வண்டி சாதுவாக நடந்துகொள்ளும். தடிமனாக்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பின்புற எண்ணெயை மெலிதாக்கினால் வளைவுக்குள் வண்டி எளிதாகத் திரும்பும்.

ஷாக் அப்சார்பர்களிலும் சிலிக்கான் எண்ணெய்தான், ஆனால் மிக மெல்லியது. உள்ளே துளையிட்ட பிஸ்டன் அந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகர்வதால் அதிர்வு அடங்குகிறது. வெயிலில் எண்ணெய் இளகுவதால் சற்றுத் தடித்ததையும், குளிரில் சற்று மெல்லியதையும் ஊற்றுவார்கள். நான்கிலும் காற்றுக் குமிழி இல்லாமல், இடமும் வலமும் ஒரே மாதிரி நகர வேண்டும். தரைக்கும் சேஸிக்கும் இடையிலான உயரம் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர். இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் மற்ற எந்த அளவுக்கும் பொருள் இல்லை.

இத்தனை சொன்னாலும், வண்டியின் போக்கை அதிகம் மாற்றுவது டயர்தான். ஈர மண், காய்ந்த புழுதி, தேய்ந்து பளபளத்த தரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேறு ரப்பர், வேறு குமிழ் வடிவம். பொருந்தாத டயரைப் போட்டுக்கொண்டு டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை. முதலில் டயர், அதன் பிறகு மற்றவை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். செய்த மாற்றத்தையும் அதன் விளைவையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினாலும், எதனால் ஓடியது என்ற அறிவு கிடைக்காது.

ஓட்டம் முடிந்த பிறகு

மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தொட்டியிலும் எஞ்சினிலும் எரிபொருளை விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் பேரிங்குகள் துருப்பிடிக்கும். மீதியை வடித்து, எஞ்சினில் தங்கியதை ஓட்டித் தீர்த்து, சில சொட்டுக் காப்பெண்ணெய் விட்டுச் சுழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி வைப்பது அன்றாடக் கடமை. பிறகு தூரிகையால் மண்ணைத் துடைத்து, ஒவ்வொரு பேரிங்கையும் சுழற்றி, ஒவ்வொரு திருகையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். உலோகத்தில் ஏறும் திருகுகளுக்குப் பூட்டுப் பசை அவசியம். எஞ்சினின் அதிர்வு அவற்றைத் தளர்த்திவிடும்.

இரண்டு எச்சரிக்கைகளை யாரும் தவிர்க்கக் கூடாது. மெத்தனால் நஞ்சு, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல். கையுறை, காற்றோட்டம், அருகே தீயணைப்பான் ஆகியவை வேண்டும். அடுத்தது, ரிசீவரின் ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் சர்வோ என்னும் சிறு மோட்டார் தானாகத் திராட்டிலை மூடி பிரேக் பிடிக்கும்படி அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்த பிறகே வண்டியைத் தரையில் விடலாம். முழு வேகத்தில் கட்டுப்பாடு இழந்த மூன்று கிலோ வண்டி ஒருவரின் காலை முறிக்கக்கூடும்.

பிரஷ்லெஸ் மோட்டார் பொருத்திய மின்சார பக்கிகள் இன்று வேகத்தில் நைட்ரோவுக்குச் சளைத்தவை அல்ல, பராமரிப்பும் குறைவு. ஓட்டுவது மட்டுமே ஆசை என்றால் அவையே போதும். எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது, எதனால் சூடாகிறது, எங்கே தேய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு நைட்ரோ பக்கிதான் ஆசிரியர். ஒரு காரின் கிளட்ச், டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன், கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பிரித்துப் பரப்பி, ஒரே மாலையில் மறுபடி பூட்டிவிடலாம். புதிதாகத் தொடங்குபவர் முதல் பந்தயத்தில் ஒரே ஒரு இலக்கை வைத்துக்கொள்ளட்டும்: எஞ்சின் ஒரு தடவைகூட அணையாமல் கடைசி நிமிடம் வரை ஓடி முடிக்க வேண்டும். நன்றாகப் பராமரித்த சாதாரண வண்டி, நின்றுபோன வேகமான வண்டிகள் பலவற்றுக்கு முன்னால் வந்து சேரும்.