கடல் கடந்த கனடிய விமானிகளும் லண்டன் தலைமையகமும்

1939 டிசம்பர் 17 அன்று ஒட்டாவாவில் கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சி ஒப்பந்தத்தின்படி கனடாவில் பயிற்சி பெற்ற கனடிய இளைஞர்கள் பிரிட்டனை அடைந்ததும், பிரிட்டிஷ் விமானப்படையின் ஆணைக்குட்பட்டு போர் செய்தார்களே தவிர, கனடிய விமானப்படையினராகவே நீடித்தார்கள். நிர்வாகச் சிக்கல் முழுவதும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறந்தது. ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு, அவர்களைத் தம் நாட்டு ஸ்குவாட்ரன்களில், அதாவது சில விமானங்களும் அவற்றின் பணியாளர்களும் சேர்ந்த போரணிகளில், அமர்த்த இடமளித்தது. எண் குழப்பம் நேராதிருக்கக் கனடிய அணிகளுக்கு 400 முதல் 449 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும், ஆள் தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்புவதே பிரிட்டனுக்கு எளிதாக இருந்ததால், பெரும்பாலோர் பிரிட்டிஷ் அணிகளில் சிதறிப்போக, அவர்களுடைய பதவி உயர்வையும் பணிப்பதிவையும் கண்காணிப்பது லண்டனிலிருந்த கனடிய வெளிநாட்டுத் தலைமையகத்துக்குப் பெருஞ்சுமையாயிற்று.

ஒரே குண்டுவீச்சு விமானத்தில் ஒரே ஆபத்தை ஏற்றவர்களுள் சிலர் அதிகாரிகளாகவும் சிலர் சார்ஜென்ட்டுகளாகவும் இருப்பது நியாயமன்று என்று கனடா வாதிட்டது. பிரிட்டன் தயங்கியது, அத்தயக்கத்தில் பழைய வர்க்க உணர்வும் கலந்திருந்தது எனலாம். சிதறிய கனடியர்களைத் தம் நாட்டு அணிகளில் ஒன்றுசேர்க்க வேண்டும் என்றும் கனடா கோரியது. கனடாவின் விமானத்துறை அமைச்சர் சார்லஸ் பவர் இதை விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1943 ஜனவரி 1 அன்று யார்க்ஷயரில், பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய 6ஆம் குண்டுவீச்சுக் குழு கனடிய அமைப்பாகவே செயல்படத் தொடங்கியது.