பளபளக்கும் காருக்கு மெழுகா, செராமிக் பூச்சா?

சிங்கப்பூரில் கார் வாங்குவோர் வண்டிக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை; அதைப் பத்தாண்டு ஓட்டும் உரிமைக்கும் சேர்த்தே கட்டுகிறார்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளியை எட்டியது. அவ்வளவு செலவழித்தவரிடம் செராமிக் பூச்சும் போட்டுவிடலாமா என்று விற்பனையாளர் கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். அதற்குச் சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரு டப்பா மெழுகோ பெரும்பாலும் ஐம்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது?

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இன்றைய கார்களில் நிறச் சாயத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற படலம் ஒன்று இருக்கும். அதன் தடிமன் ஏறக்குறைய 40 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. அது வழவழவென்று இருந்தால் ஒளி சீராகத் திரும்பும். நுண்ணிய கீறல்கள் விழுந்தால் ஒளி சிதறி, கார் மங்கித் தெரியும். கறுப்பு நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

அந்தக் கீறல்களை இயந்திரத்தால் தேய்த்துச் சமன்செய்வதுதான் பாலிஷ். தமிழில் மெருகு வேறு, மெழுகு வேறு, ஓரெழுத்து வித்தியாசம்தான். ஆனால் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பளபளப்பைத் தருவது மெருகு. மெழுகும் செராமிக்கும் அதைக் கொஞ்ச காலம் காப்பவை. பூச்சு போட்ட அன்று கார் கண்ணாடிபோல் மின்னுகிறதே, அதில் பெரும்பங்கு பூச்சுக்கு முன் செய்த பாலிஷுக்கே சேரும். ஒவ்வொரு முறை பாலிஷ் செய்யும்போதும் கிளியர் கோட் சிறிது தேயும் என்பதால், அதை அடிக்கடி செய்யவும் முடியாது.

மெழுகு வகைகளில் பெயர்பெற்றது கார்னோபா. பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து இதை எடுக்கிறார்கள். இது உருக 80 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் கலந்த கலவை. நம் வெயிலிலும் மழையிலும் அது ஓரிரு மாதங்களுக்கு மேல் நிற்பது அரிது. ஊரில் தரையைச் சாணத்தால் பூசுவதையும் மெழுகுதல் என்றுதான் சொல்வோம். அங்கேயும் ஒருமுறை மெழுகிவிட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிட முடியாது. பாத்திரம் கழுவும் திரவத்தால் காரைக் கழுவினால் மெழுகு இன்னும் சீக்கிரம் போய்விடும்.

மெழுகை நாமே பூசலாம், தவறினால் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம் என்பது பெரிய வசதி. நிழலில், என்ஜின் மூடி ஆறியபின், மெல்லியதாகப் பூசினால் போதும். தடிமனாக அப்பினால் துடைக்கும் வேலைதான் கூடும்.

செராமிக் பூச்சு சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். காய்ந்து இறுகியதும் கிளியர் கோட்டோடு ஒட்டிப் பிணைந்துகொள்வதால் சோப்பு அதை எளிதில் கரைப்பதில்லை. தரமான பூச்சை முறையாகப் போட்டுப் பராமரித்தால் ஈராண்டு, மூவாண்டு நிற்கும். விளம்பரங்களில் வரும் ‘9எச்’ கடினம் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை வைரத்தின் கடினத்தோடு ஒப்பிடக்கூடாது. ஓரிரு மைக்ரான் தடிமனே உள்ள இந்தப் பூச்சு, சாவி கீறினாலும் கல் தெறித்தாலும் தாங்காது. பூசிய முதல் ஓரிரு நாள் தண்ணீர் படக்கூடாது. ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் ஊரில் இதற்குக் கூரை அவசியம். திட்டுத் திட்டாகக் காய்ந்துவிட்டால் மறுபடி பாலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். எனவே இதைத் தேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

மைனாவுக்கு இரண்டும் ஒன்றுதான். திறந்தவெளிக் கார்நிறுத்துமிடத்தில் மரத்தடியில் நிறுத்தினால் எச்சம் விழத்தான் செய்யும். வெயிலில் அது காய்ந்து இறுகினால் செராமிக் போட்ட காரிலும் தடம் பதியும். பூச்சின்மேல் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரும் வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச்செல்லும். ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பல கார்களைத் துடைக்கும்போது, முந்தைய காரின் மணல் உங்கள் காரைக் கீறும். என்னைக் கேட்டால், பூச்சைத் தேடுமுன் காரைக் கழுவும் முறையை மாற்ற வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். பத்தாண்டு முடியுமுன் காரின் பதிவை ரத்து செய்தால் கிடைக்கும் ‘பார்ஃப்’ கழிவு, கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் பொறுத்தது. சாயம் பளபளக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆக, சிஓஇ முடிய இரண்டு மூன்று ஆண்டே உள்ள காருக்கு ஆயிரம் வெள்ளிப் பூச்சு வீண் என்றே நினைக்கிறேன், மெழுகே போதும். புதுக் காரை வெயிலில் நிறுத்துபவர், மாதாமாதம் மெழுகு பூச நேரமில்லாதவர், நடுவில் விற்கும் எண்ணமுள்ளவர் ஆகியோருக்குச் செராமிக் பொருத்தமாக இருக்கலாம். வாடகைக் கார் ஓட்டுபவர் சொந்தப் பணத்தை இதில் போட வேண்டியதே இல்லை.

புதுக் கார் என்றால் நம்மில் பலர் முதலில் போவது சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கு, வாகன பூசைக்கு. சந்தனமும் குங்குமமும் காய்ந்தபின் வறண்ட துணியால் தேய்த்து எடுக்காதீர்கள்; அந்தத் துகள்களே கீறிவிடும். அன்று மாலையே நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

பூச்சுக்குப் பணம் கட்டுமுன் உத்தரவாதத் தாளை முழுதாகப் படியுங்கள். ஐந்தாண்டு உத்தரவாதம் என்பதன் கீழே, குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை அதே கடையில் கட்டணம் செலுத்திப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். பாலிஷ் கட்டணம் சேர்ந்ததா, தனியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு ஈராண்டுக்குள் கொண்டு போகலாம். அப்போது அந்தத் தாளும், பூச்சுக்கு முன்னும் பின்னும் நீங்கள் எடுத்த படங்களும் கைகொடுக்கும்.