வெட்டிப் போடும் தழையில் ஆகாத தழை எது?

ஆடாதொடை என்ற செடிக்கு அப்பெயர் வந்ததே 'ஆடு தொடாதது' என்பதால்தான். ஆடுதீண்டாப்பாளையும் அவ்விதமே. எது ஆகும், எது ஆகாது என்பதை ஆடு தானே அறியும் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். காட்டில் அவிழ்த்து விட்ட வெள்ளாடு இந்தச் செடியில் இரண்டு வாய், அடுத்த செடியில் இரண்டு வாய் என்று கடித்துக்கொண்டே நகரும். ஆகாத தழை சிறிது உள்ளே போனாலும் பெரும்பாலும் கேடு நேருவதில்லை.

கட்டிப் போட்டு வளர்க்கும் ஆட்டின் நிலை வேறு. கொட்டிலிலும் பரணிலும் நிற்கும் ஆட்டுக்குத் தேர்ந்து தின்ன வழியில்லை. பசித்த ஆடு போட்டதைத் தின்னும். எனவே ஆடு செய்துவந்த வேலையை, அரிவாள் பிடித்தவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கோடையில் தழை கிடைக்காமல் கண்ட வேலியையும் வெட்டி வரும்போதுதான் நட்டம் நேருகிறது. பத்து ஆடு வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் மூன்று ஆடு போனால் அந்த வருடத்து வருமானமே போயிற்று.

பயமின்றிப் போடக்கூடிய தழைகள் நம்மிடம் ஏராளம். அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, பூவரசு, வேம்பு, ஆல், அரசு, அத்தி, உதியன், வாகை, பலா, கொடுக்காப்புளி ஆகியவற்றில் எதையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். தாராபுரம், காங்கயம் பகுதிக் கொறங்காடுகளில் வேலியாக நிற்கும் கிளுவையும் நல்ல தீனியே. அகத்தியில் புரதம் மிகுதி. ஆனால் நல்லது என்று அதை மட்டுமே போடுவது சரியல்ல. புல்லும் தட்டையும் பாதிக்கு மேல் இருக்க, மரத்தழை கூட்டாகச் சேர்வதே சிலாக்கியம். புதிய தழை எதையும் முதல் நாளே வயிறு நிறையப் போடாமல், பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

கிளைரிசிடியா தழையை ஆடுகள் முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கும். அதன் வாடைதான் காரணம். சில மணி நேரம் வாட விட்டுப் போட்டால் பழகிக்கொள்ளும். அந்த மரத்தின் விஞ்ஞானப் பெயருக்குப் பொருளே 'எலிக்கொல்லி' என்பதாகும். எலிக்கு விஷமான தழை, அசை போடும் ஆடு மாடுகளுக்குத் தீவனமாகிறது. குதிரைக்கு அது ஆகாது. ஒரு பிராணிக்கு ஆகும் தழை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது.

சவுண்டல் என்னும் சூபாபுல் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். புரதம் நிறைந்த தழைதான். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. தொடர்ந்து அதையே போட்டால் மயிர் உதிரும். கழுத்தில் வீக்கம் காணும். ஹவாய்த் தீவு ஆடுகள் அதைத் தின்றும் நன்றாக இருப்பதைக் கண்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரே அந்த நச்சைச் சிதைக்கிறது என்று 1980களில் காட்டினார். நம் ஆட்டுக்கு அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நலம். முயலுக்குச் சூபாபுல் வேண்டவே வேண்டாம்.

இனி, நல்ல தீவனமே விஷமாகும் கதை. சோளத்தில் இளம் பயிராக இருக்கும்போது ஹைட்ரோசயனிக் அமிலத்தை உண்டாக்கும் பொருள் மிகுதியாக இருக்கும். முழங்கால் உயரப் பயிர், வாடி நிற்கும் பயிர், வறட்சிக்குப் பின் முதல் மழையில் துளிர்த்த பயிர், அறுத்த தாளில் கிளம்பும் மறுதாம்பு, இவை நான்கும் ஆபத்தானவை. பூத்த பிறகு நச்சு குறைந்துவிடும். அறுத்து நன்றாக உலர்த்திய தட்டையில் பயமில்லை. கோ.எப்.எஸ். 29 தீவனச் சோளத்துக்கு முதல் அறுவடை 65ஆம் நாள், பிறகு 50 நாளுக்கு ஒரு தரம் என்று சொல்லப்படுவதைத் தள்ளிவிடக் கூடாது. அவசரப்பட்டு அறுப்பதில் லாபமில்லை.

மரவள்ளியிலும் இதே நஞ்சுதான். சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு தோண்டும் பருவத்தில் இலையும் தோலும் சும்மா கிடைக்கும். பச்சையாகப் போட்டால் ஆடு அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறித் தள்ளாடி விழக்கூடும். இலையைச் சிறிதாக நறுக்கி, மெல்லிய பரப்பாக இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் சருகாகக் காயவிட்டால் நஞ்சில் பெரும் பகுதி போய்விடும். அப்படியும் கொஞ்சமாகவே கொடுக்க வேண்டும்.

காய்ந்தால் நஞ்சு போகும் என்ற இந்தக் கணக்கு அரளிக்குச் செல்லாது. இது மிக முக்கியம். அரளி இலை காய்ந்தாலும் அதே விஷம்தான். பச்சையில் கசப்பதால் ஒதுக்கும் மாடு, சருகானதும் வைக்கோலோடு சேர்த்து மென்றுவிடும். காய்ந்த இலை பத்து, இருபது போதும், வளர்ந்த மாட்டின் இருதயம் நின்றுபோவதற்கு. ஆட்டுக்கு அதைவிடக் குறைவே போதும். பூவுக்காக அரளி பயிரிடுவோர் கவாத்து செய்த கிளைகளை வரப்பில் போடாமல் எரித்துவிட வேண்டும். எரியும் புகையில் நிற்பதும் கூடாது. கோயில் வாசலில் கழித்துப் போடும் அரளி மாலையை மாட்டுக்குப் போடுவதைப் புண்ணியம் என்று நினைப்போரும் உண்டு! மஞ்சள் அரளியும் இந்த ரகமே.

பெயர் ஒன்றாக இருப்பதாலும் ஏமாறக் கூடாது. காட்டாமணக்கு வேறு, நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு, இரண்டும் ஆகாது. ஏரி, வாய்க்கால் ஓரம் புதராக நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் பூ இளஞ்சிவப்பில் புனல்போல இருக்கும். இலை இதய வடிவம். ஒடித்தால் பால் வரும். சர்க்கரைவள்ளியும் இதே குடும்பம்தான், பூவும் ஏறக்குறைய அதே சாயல். ஆனால் சர்க்கரைவள்ளிக் கொடி நல்ல தீவனம்; தரையில் படரும், கிழங்கு விடும். நெய்வேலிக் காட்டாமணக்கோ ஆள் உயரம் நிமிர்ந்து நிற்கும். இதைத் தின்ற ஆடு உடனே சாகாது. சுவை பழகி அதையே தேடிப் போகும். வாரக்கணக்கில் மெலிந்து, தலை ஆடி, பின்னங்கால் தள்ளாடும். குடற்புழு என்று எண்ணி மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். தின்ற ஆட்டின் கண் மஞ்சளிக்கும், சாணம் கட்டும், வெயில் பட்ட தோல் வீங்கி வெடிக்கும். உள்ளூர் ஆடுகள் இதை அநேகமாகத் தொடா. வெளியூர்ச் சந்தையில் புதிதாக வாங்கி வந்த ஆடுகளே அகப்பட்டுக்கொள்கின்றன. ஊமத்தை, ஆமணக்குக் கொட்டை, குன்றிமணி ஆகியவை அறுத்த புல்லுக்குள் கலந்து வராமல் பார்க்க வேண்டும். மருந்து தெளித்த கத்தரி, பருத்தித் தழையும் விஷம்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆடு திடீரென வாயில் நுரை தள்ளினால், மூச்சு வாங்கினால், மீதித் தழையை உடனே அகற்றுங்கள். நிழலில் கட்டுங்கள். வெயிலில் நடத்திக் கொண்டுபோக வேண்டாம். எண்ணெயோ மோரோ வலுவில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே எமனாகும். சோளம், மரவள்ளி நஞ்சுக்கு இரத்தக் குழாயில் ஏற்றும் மாற்று மருந்து உண்டு. நேரத்தில் கிடைத்தால் ஆடு எழுந்துவிடும். 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். தின்ற தழையில் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.